கருவாட்டுக்குள் திறந்திருந்த கண்கள்

இன்று மகளிடம் செல்பேசியில் ஒரு படம் காட்டினேன். ஆழ்கடல் சுறா. முழ நீளம்தான், கண் மட்டும் பெரிது.

எழுபதுகளில் அவள் பிறந்தபோது எனக்குப் பால் ஊறவில்லை. பசியில் அழுதுகொண்டே இருந்தாள். சுறா தின்றால் பால் ஊறும் என்று என் கணவர் காரிமங்கலம் சந்தையில் இப்படியொரு முழுக் கருவாடு வாங்கிவந்து, வயிற்றைக் கீறினார்.

"உள்ள குட்டிங்க இருக்குது புள்ள. கண்ணு தொறந்திருக்குது" என்றார்.

மடியில் அழுகை நின்றது. குழந்தை அவற்றையே பார்த்தாள்.

"எனக்கு வேண்டாங்க, பொதைச்சிருங்க" என்றேன். கொல்லையில் புதைத்தார்.

அன்று மாலையே பால் ஊறியது.

இன்று படத்தைப் பார்த்த மகள், "இத எங்கியோ பாத்திருக்கறேம்மா" என்றாள்.

நாங்கள் அவளிடம் எதுவும் சொன்னதே இல்லை. இனிச் சொல்லலாமா, நீங்களே சொல்லுங்கள். நல்லவேளை, அவள் முகநூலில் இல்லை.