வெள்ளத்துல வந்தவன்

மலையாளச் சீமையின் ஆரியசாலைக் கடைத்தெருவில் பெருங்காய மூட்டை பிரிக்கிற வாசனை இன்றைக்கும் எனக்குச் சினிமாக் கொட்டகையின் இருட்டாகத்தான் மணக்கிறது. அப்பா மொத்தக்கடையை அடைத்து, அந்த வாசனையோடே எங்களை மேட்னிக்குக் கூட்டிப்போவதற்குள் படம் தொடங்கியிருக்கும். இப்போது கார் நிறுத்துகிற இடமாகிவிட்ட அந்தக் கொட்டகையில் நான் எந்தப் படத்தின் முதல் காட்சியையும் பார்த்ததில்லை. விட்டுப்போனதைப் பக்கத்து இருக்கைச் சேச்சி யாராவது சொல்வதுதான்.

ஒருநாள் ஒரு சேச்சி கதாநாயகனைக் காட்டி, "வெள்ளத்தினு வந்நதா, பாவம்" என்றாள். திருநெல்வேலியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அம்மா, அவன் வீட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதென்று எடுத்துக்கொண்டாள். அவன் ஆடினாலும் பாடினாலும், "துக்கத்த எப்படி மறைக்கான் பாரு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இப்போது நான் கல்லூரியில் சினிமாவின் முதல் காட்சிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். அதற்காக நேற்று அந்தப் படத்தை அம்மாவோடு வீட்டில் பார்த்தேன். கொளுத்தும் வெயிலில் அவன் ஒரு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். மலையாளத்தில் அதுதான் வெள்ளம்.

"இதுக்கா அழுதேன்?" என்று அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். முதல் பாட்டுக்கு அவன் ஆடத் தொடங்கியதும் மறுபடி முந்தானையைத் தேடினாள்.