ஓடு பிடித்த சக்களத்தி

தர்மாம்பாளுக்குச் சக்களத்தி வந்தது 1999ஆம் ஆண்டு தீபாவளி கழிந்த வாரத்தில். வந்தவளுக்கு நான்கு கால்கள், ஒரு மிதிகட்டை, வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீளப் பிளவு. பூனாவின் கட்கி கடைத்தெருவில் தச்சுப்பட்டறை வைத்திருந்த ஸ்டீபன் அவளைச் செய்து, கைவண்டியில் ஏற்றி, வாசலில் கொண்டுவந்து இறக்கினார். புருஷன் சுந்தரமூர்த்தி அந்தப் பலகையைத் தடவிப் பார்த்த விதத்தை அடுப்படியிலிருந்தே தர்மாம்பாள் கவனித்துவிட்டாள்.

அவள் கட்கியிலேயே பிறந்தவள். அப்பா வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மராத்தி, ரேஷன் கடையில் இந்தி என்று வளர்ந்தாள். 1984இல் சுந்தரமூர்த்தியைக் கட்டிக்கொண்டாள். அவன் தொழிற்சாலைக்குப் போகாமல் கூரை ஏறியவன். கன்டோன்மென்ட் பங்களாக்களின் மங்களூர் ஓட்டுக் கூரைகளை மழைக்கு முன்னால் பிரித்து, உடைந்ததை மாற்றி வேய்வது அவன் வேலை. கல்யாணமான இரண்டாம் மாதமே அவளும் கூடப் போகத் தொடங்கினாள்.

கூரையின் இரண்டு சரிவுகள் உள்ளே மடிந்து சேரும் இடத்துக்கு முழு ஓடு உதவாது. சாய்வாக வெட்டித்தான் பொருத்த வேண்டும். வெட்டுவது கஷ்டமில்லை, வெட்டும்போது ஓட்டைப் பிடிப்பதுதான் கஷ்டம். மங்களூர் ஓடு பார்வைக்குத் தட்டையாகத் தெரியும். ஆனால் அடியில் இரண்டு மூக்குகளும் வரிசையாக மேடுகளும் இருப்பதால் தரையில் வைத்தால் உடைந்த முக்காலியைப் போல ஆடும். ஆடுகிற ஓட்டில் கிரைண்டர் மெஷினின் சுழலும் பிளேடு இறங்கினால் ஓடு விரிசல் விடும், அல்லது துள்ளி ஆள்மேல் பாயும். பல ஆட்கள் ஓட்டைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டுவார்கள். அப்படி வெட்டிக் கால்விரலைப் பறிகொடுத்தவர்கள் பூனாவில் உண்டு.

தர்மாம்பாள் பிடித்த விதம் வேறு. ஒரு கோணியில் பாதி அளவு மணலை நிரப்பித் தரையில் கிடத்துவாள். முதல்நாளே தண்ணீர்ப் பீப்பாயில் ஊறப்போட்ட ஓட்டை, தூசி பறக்காமலிருக்க ஈரத்தோடே எடுத்து அதன்மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். மூக்குகள் மணலில் புதைந்து ஓடு அசையாமல் உட்காரும். பிறகு எதிரே மடித்துப் போட்ட சாக்கின்மேல் உட்கார்ந்து, உள்ளங்கைக்கு அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்துக்கொண்டு, விரல்களை மடக்கி, கையின் அடிப்பகுதியால் மட்டும் இரு ஓரங்களையும் அழுத்திப் பிடிப்பாள். பிளேடு கோட்டின் கடைசிக்கு வரும்போது இரண்டு கைகளையும் ஒரு மயிரளவு வெளியே விலக்குவாள். வெட்டு வாய் திறக்கும், பிளேடு சிக்காது. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூரைக் காண்ட்ராக்ட் எடுக்கும் தாம்லே மேஸ்திரி, இரும்புப் பிடிப்பான் நழுவி நான் பார்த்திருக்கிறேன், தர்மாவின் பிடி நழுவிப் பார்த்ததில்லை என்று மற்ற ஆட்களிடம் சொல்வார். சொன்னது தன் காதுக்கு எட்டியதென்று அவள் காட்டிக்கொள்ள மாட்டாள்.

இதில் அவளுக்குப் பெருமையைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. சுந்தரமூர்த்தி வீட்டில் நிமிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பான், படுத்தால் மோட்டைப் பார்ப்பான். ஆனால் வேலையில் ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் தலை நிமிர்ந்து எதிரே உட்கார்ந்திருக்கும் அவள் முகத்தைப் பார்ப்பான். சரியாக வந்ததா என்று கண்ணால் கேட்பான், அவள் தாடையை அசைப்பாள். பதினைந்து வருஷம் அந்தப் பார்வை அவளுடையதாக இருந்தது.

99 அக்டோபரில் தளேகாவில் ஒரு பங்களாவில் வேலை நடந்தது. வெட்டிக்கொண்டிருக்கும்போது கிரைண்டர் ஒரு முறை வழுக்கி, பிளேடு அவளுடைய கண்ணாடி வளையலைத் தொட்டது. வளையல் உடைந்தது, கையில் கீறல்கூட இல்லை. அவன் மெஷினை அணைத்துவிட்டு ஓரமாகப் போய் பீடி குடித்தான். அன்றைக்கு அதற்குமேல் ஓடு வெட்டவில்லை, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அடுத்த வாரம் ஸ்டீபன் பட்டறைக்குப் போனான்.

பலகை நன்றாகத்தான் செய்யப்பட்டிருந்தது. நின்றபடியே வெட்டலாம், குந்த வேண்டியதில்லை. ஓடு பதிந்து உட்கார டியூப் ரப்பர் அடித்த இரண்டு சட்டங்கள், நடுவில் பிளேடு இறங்கப் பிளவு. மிதிகட்டையை மிதித்தால் கயிறு இழுத்து, மேலே ஒரு குறுக்குக் கட்டை ஓட்டை அழுத்திக்கொள்ளும். காலை எடுத்தால் விட்டுவிடும். பிளேடு பக்கத்தில் மனிதக் கை என்பதே கிடையாது. முதல் நாள் பார்த்ததும் தாம்லே மேஸ்திரி சிரித்துவிட்டு, "தர்மா, துஜி சவத் ஆலி" என்றார்.

உன் சக்களத்தி வந்துவிட்டாள் என்று அர்த்தம். மராத்தியில் சக்களத்திக்குச் சவத் என்று பெயர். எல்லோரும் சிரித்தார்கள், தர்மாம்பாளும் சிரித்து வைத்தாள். அன்றிலிருந்து பலகைக்குப் பெயர் சவத். சவத்தைக் கொண்டா, சவத்தை நிழலில் போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தர்மாம்பாள் மட்டும் அதைப் பலகை என்றுதான் சொன்னாள். பெயர் சொன்னால் உறவை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவளை ஓடு சுமக்க அனுப்பினார்கள். கூடச் சுமந்தவள் பாத்திமா, அதே தெருக்காரி, வாய் ஓயாதவள். ஏணியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தர்மாம்பாளின் கண் வெட்டும் இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் அவன் பலகையைத் துணியால் துடைத்தான். மிதிகட்டைக்கு எண்ணெய் விட்டான். தூறல் போட்டால் தார்பாயை எடுத்துக்கொண்டு ஓடினான். தனக்கு ஒரு நாள் குடை பிடித்தவனில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இதெல்லாம்கூடப் போகட்டும். வெட்டு முடிந்ததும் பழக்கத்தில் தலை நிமிர்ந்தான், எதிரே ஆளில்லாததால் பலகையையே பார்த்து, "ம்" என்று சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வெட்டிய ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று தேடினாள். பெயர்ந்திருக்கவில்லை.

"அக்கா, மரத்துமேல போயி இவ்ளோ வயித்தெரிச்சலா? நாளைக்கு அதுக்குப் புடவை எடுத்துக் குடுத்தாருன்னா சொல்லு, நானே வந்து கேக்குறேன்" என்றாள் பாத்திமா.

இப்படி ஒன்றரை வருஷம் போயிற்று. 2001இல் கோந்த்வாவில் ஒரு புது வீட்டு வேலை கிடைத்தது. கோயம்புத்தூர்க்காரர்கள், கணவன் சபரி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார், மனைவி சந்திரிகா வீட்டு வேலையை நின்று பார்த்துக்கொண்டாள். முன்கட்டுக்கு ஓட்டுக் கூரை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். திங்கட்கிழமை சரிவுகள் சேரும் மூலை மட்டும் பாக்கி.

அன்று காலையில் டெம்போவிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து யாரோ, "மொதல்ல சவத்த எறக்குங்கப்பா, வாசல்லயே போடுங்க" என்று குரல் கொடுத்தார்கள். கோலப்பொடி வாங்கிக்கொண்டு வந்த சந்திரிகா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஊருக்குப் புதிது, மராத்தி தெரியாது. அவள் காதில் விழுந்தது பிணம்.

பக்கத்தில் ஓடு அடுக்கிக்கொண்டிருந்த தர்மாம்பாளைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. வெள்ளிக்கெழம விசேசம் வெச்சுட்டு, வாசல்ல சவம் சவம்னு பேசறது எனக்கு மனசே ஒப்பலைங்க. அது என்ன சாமானோ, எனக்குத் தெரியாது. அது உள்ள வரவேண்டாம்ங்க" என்றாள்.

ஒரே வார்த்தையில் சொல்லிப் புரியவைத்திருக்கலாம். தர்மாம்பாளின் வாய் வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, சரிங்கம்மா என்றாள். கணவனிடம் போய், அந்தம்மா பலகை வேண்டாம் என்கிறது, ஏதோ சகுனமாம் என்று மட்டும் சொன்னாள். பலகை மறுபடி டெம்போவில் ஏறியது. அவள் ஒரு கோணியைத் தேடி எடுத்து மணலை வாரிப் போட்டாள். பதமாகப் பாதி நிரப்பி, சுவரோரமாகக் கிடத்தி, எதிரே சாக்கை மடித்துப் போட்டாள். டியூப் துண்டுகள் அவள் பையிலேயே இருந்தன, ஒன்றரை வருஷமாக.

சுந்தரமூர்த்தி கிரைண்டரோடு வந்து மணல் மூட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி, "பாத்திமா, நீ கொஞ்சம் வந்து பிடி" என்றான்.

தர்மாம்பாளுக்கு நெஞ்சில் மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. பலகையாவது மரம். இவள் மூக்கும் முழியுமாக எதிரே உட்காரப் போகிறாள். வெட்டு முடிந்ததும் அவன் நிமிர்ந்து இவள் முகத்தைத்தான் பார்ப்பான்.

"ஏன்யா, நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன், கண்ணு தெரியல?" என்றாள்.

அவன் மெஷினின் ஒயரைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தான். "நீ வேணாம். ஒங்கையி கிட்ட இருந்தா எனக்குக் கையி நடுங்குது. அன்னிக்கு வளையல் ஒடஞ்சதிலேர்ந்து" என்றான்.

பாத்திமா முந்திக்கொண்டாள். "அப்படியா சேதி? அக்கா கையின்னா நடுங்கும், என் கையின்னா நடுங்காதா? என் கைய என்ன வாடகைக்கா எடுத்துக்கினு வந்தேன், அண்ணே?" தலையில் வைத்த சும்மாட்டைக்கூட எடுக்காமல் ஏணிப் பக்கம் போய்விட்டாள்.

அவன் சொன்னதைக் கேட்டு தர்மாம்பாளுக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒன்றரை வருஷம் ஒரு மரத்தோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டேனே என்ற கோபம்தான் வந்தது. தன் கைக்காகத்தான் பலகை வந்தது. ஆனாலும் தன் இடம் போனது போனதுதான். இனி மணல் மூட்டைக்கு எதிரே உட்கார்ந்தால், அவன் நிமிர்ந்து பார்க்கப்போவது அவள் முகத்தையல்ல, கையை. அது எதற்கு?

நேரே சந்திரிகாவிடம் போனாள். சவத் என்றால் பிணமில்லை, மராத்தியில் சக்களத்தி, ஓடு வெட்டும் பலகைக்கு ஆட்கள் வைத்த பெயர் என்று விளக்கினாள். சந்திரிகா, "ஒரு பலகை யாருக்குங்க சக்களத்தி?" என்று கேட்டாள்.

"எனக்குத்தாம்மா."

சந்திரிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பலகை திரும்பி வந்தது. இப்போது சவத் என்று சொல்லாமல் அக்கா என்று சொல்லி இறக்கினார்கள். பலகைக்கு மூத்தாள் ஸ்தானம் கிடைத்தாற்போல, அது இன்னும் மோசமாக இருந்தது.

சுந்தரமூர்த்தி மெஷினை மாட்டப் போனபோது தர்மாம்பாள் அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பலகைதான் பிடிக்கிறது, அப்புறம் யார் வெட்டினால் என்ன என்று கேட்டாள். அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்குமேல் மாட்டி, முந்தானையை உள்ளே செருகி, கண்ணாடி போட்டுக்கொண்டாள். முதல் ஓடு பாதியில் உடைந்தது. அவன் முகம் சற்று மலர்ந்ததை அவள் பார்த்தாள். இரண்டாவதும் ஓரம் பெயர்ந்தது. மூன்றாவதில் அவளுக்குப் பிடிபட்டது. ஓடு எங்கே விட்டுக்கொடுக்கும், எப்போது வாய் திறக்கும் என்பதெல்லாம் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் ஏறியிருந்தது. இப்போது அது மெஷின் பிடித்த கைக்கு இறங்கி வந்தது. கடைசி அங்குலத்தில் மிதியைச் சற்றே தளர்த்தினாள். வெட்டு எண்ணெய் தடவியதுபோல் முடிந்தது.

தாம்லே மேஸ்திரி அந்த ஓட்டை எடுத்துப் பார்த்து, இது யார் வெட்டியது என்று கேட்டார். மேலே மூலையில் ஓடு பொருத்திக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி எட்டிப் பார்த்துவிட்டு, அளவு சரியில்லை என்றான். ஆனால் அவன் கையால் பொருத்தியதும் ஓடு மூலையில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அதன்பின் நாள் முழுக்க கீழே யார் சிரித்தாலும் எட்டிப் பார்த்தான்.

ஒரு குறை இருந்தது. பலகை அவன் இடுப்புக்குச் செய்தது. அவளுக்கு எட்டாமல், இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் ஏறி நின்றாள். மிதிகட்டையை மிதிக்கும்போதெல்லாம் செங்கல் ஆடியது. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நிற்பவர் என் வேலைக்கு வேண்டாம், ஒன்று பலகையைச் சரிசெய், இல்லை இறங்கு என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபன் ரம்பத்தோடு வந்தார். தர்மாம்பாளைப் பலகை அருகே நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, ஓடு அதற்குச் சற்றுக் கீழே வருமாறு கணக்குப் பார்த்து, நான்கு கால்களிலும் பென்சிலால் கோடு போட்டார்.

"நாலு வெரலா? ரெண்டு போதும் ஸ்டீபன். நான் வெட்றப்ப முதுகு ஒடிஞ்சிடும். இது எனக்குன்னு செஞ்சது" என்றான் சுந்தரமூர்த்தி.

ஸ்டீபன் ரம்பத்தை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினஞ்சு வருசம் நான் தரையில குந்தினேன். நீ கொஞ்சம் குனி" என்றாள் தர்மாம்பாள். பிறகு ஸ்டீபனிடம், "அறுங்கண்ணே" என்றாள்.

நான்கு துண்டுகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. சுந்தரமூர்த்தி அவற்றைப் பொறுக்கி ஒரு பைக்குள் போட்டு வைத்தான். தன் முறை வரும்போது ஆணி அடித்துக் கால்களில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றான். வரட்டும் என்றாள் அவள். அந்த வருஷம் மழை பிடிக்கும்வரை அவன் முறை வரவில்லை.