சாரலில் நின்ற நாற்றுக்கிண்ணம்

சென்னையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்த என் தங்கை, நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு வந்து, "இங்கன பிளாஸ்டிக் செய்யப்போறேன்" என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை அங்கேயே செய்யவேண்டியதுதானே!

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் நான் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். நாற்று வாங்குகிறவர்கள் அது இருக்கிற கருப்பு பிளாஸ்டிக் பையைக் கிழித்து வயலிலேயே வீசுகிறார்கள் என்று வாய் ஓயாமல் புலம்பியவள் நான்தான். அதற்குத்தான் வந்திருக்கிறாள். செடியோடு குழியில் வைத்தால் மண்ணோடு மக்கிப்போகிற கிண்ணம் செய்ய வேண்டுமாம். தீபாவளிக்குள் சரிப்பட்டு வராவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவதாகச் சொல்லியிருந்தாள்.

மரவள்ளி மாவுச்சத்தில் செய்த மக்கும் பிளாஸ்டிக் மணிகளை வரவழைத்தாள். அதை மட்டும் உருக்கி அச்சில் வார்த்தால் கிண்ணம் தொளதொளவென்று இருந்தது, விலையும் கட்டாது. ரைஸ்மில் உமியைக் காயவைத்து அரைத்துச் சேர்த்தாள். விறைப்புக்கு, கோலமாவு விற்கிறவரிடம் சுண்ணாம்புக்கல் தூள் வாங்கிக் கலந்தாள். சித்திரையில் வார்த்த கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் நானே ஏறி நின்று பார்த்தேன். என்னைத் தாங்குவது லேசான காரியம் இல்லை.

ஆனியில் குற்றாலச் சாரல் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. புதிதாக வார்த்த கிண்ணங்கள் ஈரமண்ணோடு தூக்கியதும் விண்டுபோயின. நானாக இருந்தால் மழையைத் திட்டிவிட்டு மூட்டை கட்டியிருப்பேன். அவள் ஒன்றை உடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே ஆப்பம் மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள்.

"உமி ஈரத்தைக் குடிச்சிருக்குக்கா. சூட்டுல அது ஆவியாகிக் கொப்புளம் போடுது. நல்லா காயணும்."

"வெயிலுக்கு எங்கட்டி போவ? இங்கன கட்டுன துணியே காயமாட்டேங்குது."

அவள் பேக்கரிக்கு டீ குடிக்கப் போனாள். ரொட்டி வெந்து முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ரஸ்க் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். இதே சூடு உமிக்கும் போதுமே என்று அங்கேயே கேட்டுவிட்டாள்.

"ரஸ்க்குல உமி கெடந்தா ஜனங்க என்னைய உரிச்சிருவாங்கம்மா. தனித் தட்டு கொண்டு வா," என்றார் பேக்கரிக்காரர்.

சம்மதித்துவிட்டார்! தினமும் ரஸ்க் இறங்கிய பிறகு உமி ஏறியது. காய்ந்த உமியை ஈரம் படாமல் டின்னில் அடைத்துக்கொண்டு ஓடிவந்து அரைப்பாள். எத்தனை கலவை வீணானாலும் முகம் சுளிக்கமாட்டாள். அப்படியொரு பொறுமை எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை, எனக்குச் சுத்தமாக இல்லை.

புதுக் கிண்ணங்களில் எலுமிச்சை நாற்றுகள் ஆடிச் சாரல் முழுவதும் வெட்டவெளியில் நனைந்து நின்றன. ஒரு கிண்ணம்கூட விரிசல் விடவில்லை. ஆவணியில் கடையம் ஊர் விவசாயி ஒருவர் வந்து, விளிம்பைப் பிடித்துத் தூக்கித் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றினார். நான் கைதட்டாத குறை. அவள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"இம்புட்டு உறுதியா நிக்குதே, மண்ணுல மக்குமாக்கா? மக்கலேன்னா கருப்புப் பையே போதுமே."

ஐப்பசி பிறந்ததும் கம்பெனியிலிருந்து போன் வர ஆரம்பித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கடையத்துக்குப் போனாள். செழித்து நிற்கிற செடியைத் தோண்டுவதா என்று விவசாயி முணுமுணுத்தார். பிறகு மனமில்லாமல் அவரே ஓரமாக மண்ணை விலக்கினார்.

கிண்ணத்தின் சுவர் இளகிக் கிடந்தது. அதைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர்கள் நாலா பக்கமும் ஓடியிருந்தன. அவள் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்தாள். மண்ணோடு மண்ணாக உதிர்ந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் கூடப்பிறந்தவள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"பாத்தாச்சுல்லா? மூடும்மா, வேரு காயுது," என்றார் விவசாயி.

அவள் மண்ணைத் தள்ளி, அழுத்தி மூடினாள். சேற்றுக் கையை என் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு போனை எடுத்தாள்.

"இல்ல சார், நான் வரல. எனக்கு இங்கன வேலை இருக்கு."