அத்தாவின் கிளாம்ப்பு

வெள்ளைப் பசைக்கு ஒரு வாசனை உண்டு. புளித்த பாலும் ஈரச் சுண்ணாம்பும் கலந்தாற்போல் இருக்கும் அந்த வாசனை இன்றும் எங்காவது மூக்கில் ஏறினால், எனக்குத் தொடையில் பலகை உறுத்துவது போலிருக்கிறது. கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்றுவிடுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகைதான் அத்தாவின், அதாவது என் அப்பாவின், தச்சுப் பட்டறை. கடையில் விற்கிற இரும்பு கிளாம்ப் அங்கே ஒன்றே ஒன்றுதான், அதன் திருகும் பாதியில் மக்கர் பண்ணும். அதனால் மரத்தை அசையாமல் பிடித்து வைக்க அத்தா தானாகவே என்னென்னவோ செய்து வைத்திருந்தார். இழைக்கிற மேஜையின் ஒரு முனையில் இரண்டு கட்டைகளை வாய் பிளந்த மாதிரி ஆணியடித்திருப்பார்; பலகையின் நுனியை அந்த வாய்க்குள் கொடுத்து, பக்கத்தில் ஒரு "ஆப்பு" வைத்து இரண்டு தட்டு தட்டினால், இழைப்புளியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் பலகை நகராது. நாற்காலிக் கால்களை ஒட்டும்போது பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றுவார். ஜன்னல் சட்டம் என்றால் நாலாபுறமும் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குவார். முறுக்க முறுக்க மூலைகள் "கம்முனு" வந்து சேர்ந்துகொள்ளும். "மரம் ஆடுச்சுன்னா வேலையும் போச்சு, வெரலும் போச்சு" என்பது அவர் நாளுக்கு நாலு தடவை சொல்வது.

ப்ளைவுட் மேல் வழவழப்பான மைக்கா தகடு ஒட்டுவதுதான் பெரிய தொல்லை. ஓரங்களுக்குக் கருங்கல், பழைய ஆட்டுக்கல் குழவி, தண்ணீர் நிரப்பிய பெயிண்ட் வாளி என்று பாரம் ஏற்றிவிடலாம். அதிலேயே பட்டறையில் இருக்கிற பாரமெல்லாம் தீர்ந்துவிடும். நடுப்பகுதிக்கு மிச்சமிருந்தது நான். குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, பசை பிடிக்கும் வரை இரண்டு மணி நேரம் என்னை அதன் மேல் உட்கார வைத்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் "என் கிளாம்ப்பு வந்துடுச்சா?" என்று அவர் என் அம்மாவிடம் கேட்பது தெருவுக்கே கேட்கும். சின்ன வயதில் அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எங்கள் தெருவில் பாதிப் பேர் சாப்பிடும் மேஜைகள் என் எடையில் ஒட்டியவை.

ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பெருமை எப்படிக் காணாமல் போனதென்று சொல்லத் தெரியவில்லை. பெனிட்டா என்று புதிதாக ஒரு தோழி சேர்ந்திருந்தாள். அவளுடைய அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். உங்க அப்பா என்ன பண்றார் என்று அவள் கேட்டதற்கு, "ஃபர்னிச்சர் பிசினஸ்" என்று கூசாமல் சொல்லிவைத்தேன். போதாத காலம், அந்த வருடமே அவள் அப்பா யாரோ சொல்லி எங்கள் பட்டறையைத் தேடி வந்து, மகளுக்குப் படிக்கிற மேஜை ஒன்று செய்யச் சொல்லிவிட்டுப் போனார். பட்டறைக்காரரின் மகள் தன் மகளோடு படிக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. பள்ளி வாசலில் அவரைப் பார்த்திருந்த எனக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது.

அந்த மேஜைக்கு மைக்கா ஒட்டிய அன்று அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அத்தா அஸர் தொழுகைக்குக் கிளம்பும்போது, "தொழுதுட்டு வந்துடுறேன். நடுவுல எந்திரிச்சேன்னா காத்து பூந்துக்கும், இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்ச் சற்று நேரத்தில் தெருவில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. பின்னால் உட்கார்ந்திருந்தது பெனிட்டா.

நான் ஒரே குதியாகக் குதித்து வீட்டுக்குள் ஓடி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "பாய்... பாய்..." என்று அவள் அப்பா கூப்பிடுவதும், "அப்பா, என் டேபிள்!" என்று அவள் துள்ளுவதும் கேட்டது. கால் மணி நேரம் நின்றார்கள். அத்தனை நேரமும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: அத்தா வந்துவிடக் கூடாது. வந்தால் வாய் நிறைய என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

அவர்கள் போனதும் ஓடிவந்து உட்கார்ந்து, முடிந்த மட்டும் அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் அத்தா வந்தார். "எந்திரிச்சியா?" என்று கேட்டார். "இல்லத்தா" என்றேன்.

மேஜை போய்ச் சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். வகுப்பில் பெனிட்டா எல்லோரிடமும், "எங்க கார்பென்டர் பாய் நல்லா ஏமாத்திட்டாருடி. டேபிள் நடுவுல அப்பளம் மாதிரி உப்பி நிக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தா அவர்கள் வீட்டுக்குப் போய் "எம் மேலதான் தப்பு சார்" என்று சொல்லி, மேஜையை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மைக்காவை உரித்தபோது ஓரமெல்லாம் மரத்தோடு பிய்ந்து வந்தது. நடுவில் மட்டும் பசை எதையும் தொடாமல் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புது மைக்கா வைத்ததும், "நான் உட்காரட்டுமா அத்தா?" என்று கேட்டேன். "வேணாம்மா, நீ போய்ப் படி" என்று சொல்லிவிட்டு அவரே ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் என்னைக் கிளாம்ப்பு என்று கூப்பிடவில்லை.

இப்போது நான் சிறுசேரியில் வேலை பார்க்கிறேன், அத்தா என்னோடு இருக்கிறார். கொட்டகை இருந்த இடத்தில் குடித்தனக்காரர்களின் பைக்குகள் நிற்கின்றன. குழவியும் பெயிண்ட் வாளியும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மேஜை அட்டைப்பெட்டியில் வருகிறது, திருப்புளியால் முடுக்கினால் வேலை முடிந்தது. போன மாதம் அப்படி வந்த ஒரு மேஜையில் மைக்கா உப்பியது. அத்தா அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "யாரோ பாதியில எந்திரிச்சிட்டாங்க போல" என்றார்.

இத்தனை வருடம் வராதது அப்போது வாயில் வந்துவிட்டது. "அன்னைக்கு நான் எந்திரிச்சிட்டேன் அத்தா. பொய் சொன்னேன்."

"தெரியும்மா" என்றார், மேஜையிலிருந்து கையை எடுக்காமல். "நான் தொழுதுட்டு வரும்போது அந்த சாரோட வண்டி நம்ம வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. கூட உன் ஸ்கூல் டிரஸ்ல ஒரு பொண்ணு. உன்னைக் காணோம். நான் உள்ள வந்தா நீ என் பொண்ணுன்னு அதுக்குத் தெரிஞ்சிடுமேன்னு, அவங்க போற வரைக்கும் டீக்கடை ஓரமாவே நின்னுட்டேன்."

என் வெட்கம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அத்தனை காலமும் நம்பியிருந்தேன்.