மூன்றாவது பாட்டில் கேட்ட குரல்

கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைத் தவிர எல்லோருக்கும் ஜெயக்கொடி அக்காவைத் தெரியும். அடுக்குமாடிகள் வருவதற்கு முன்னால் இங்கே நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போனதும் அவர் வீட்டுக்காரர் அரிகிருஷ்ணன் அண்ணன் மெயின் ரோட்டில் சிமெண்ட், கம்பி விற்கும் கடை போட்டார். அக்கா வீட்டோடு இருந்துவிட்டார். அவர் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். புருஷனின் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பாதியும் கிடையாது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்று உடுக்கைச் சத்தம் ஏற ஏற அக்கா மேல் அம்மன் வந்துவிடுவாள். தெரு சனம் வரிசையில் நின்று குறி கேட்கும். அம்மனுக்குப் பெரியவர் சின்னவர் கிடையாது, எல்லோரும் 'டேய்'தான். வீட்டில் புருஷன் பெயரை வாயால் சொல்லாமல் 'வினிதா அப்பா' என்றே கூப்பிடுகிற அக்கா, அன்றைக்கு 'டேய் அரிகிருஷ்ணா' என்று அதட்டுவார். வருஷத்துக்கு ஒரு நாள்தான் அண்ணனுக்குத் தன் பேர் ஞாபகம் வருகிறது என்று பெண்கள் நாங்கள் சிரித்துக்கொள்வோம். அம்மன் மலையேறிய பிறகு அக்காவுக்கு ஒன்றும் நினைவிருக்காது. என்ன சொன்னேன் என்று யாரிடமும் கேட்கவும் மாட்டார். அதைக் கேட்பது சாமி குற்றம் என்று ஒரு பயம்.

மகள் வினிதா பன்னிரண்டாவது முடித்த வருஷம், படித்தது போதும், கல்யாணத்தைப் பண்ணிவிடலாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அண்ணன் எதிர்த்துப் பேசவில்லை. அக்கா பேசியதே இல்லை. அந்த ஆடியில் அம்மன் வந்து, பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பு என்று உத்தரவு கொடுத்தாள். அண்ணன் தெருப் புழுதியில் விழுந்து கும்பிட்டு, சரி தாயே என்றார். பெரியப்பாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வினிதா தாம்பரத்தில் காலேஜில் சேர்ந்தாள். இன்று தரமணியில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறாள். அந்த வருஷத்துக்குப் பிறகு குறி கேட்க வருகிற கூட்டம் அடுத்த தெரு வரைக்கும் நின்றது.

இனி சூர்யாவைச் சொல்ல வேண்டும். அக்காவின் தங்கை மகன். பல்லாவரத்தில் தகடு அடிக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து 'தகரம்' என்று ஒரு இசைக்குழு வைத்திருந்தான். மெஷின் இடிக்கும் சத்தம், கிரைண்டரில் இரும்பு கத்தும் சத்தம், யார்டில் ரயில் பெட்டி மோதும் சத்தம், இவற்றை வைத்துத்தான் பாட்டு. இன்டஸ்ட்ரியல் என்று அதற்குப் பெயராம். அவர்களுடைய முதல் ஆல்பம் 'கரும்புகை' ஒரே இருட்டாக இருக்கும். வெளிவந்தபோது யாரும் சீந்தவில்லை. அவனும் கல்யாணம், குழந்தை என்று ஆகிவிட்டான். போன வருஷம் அவர்கள் புதிதாக ஒரு ஆல்பம் போட்டு அது கொஞ்சம் பேர் வாங்கியது. உடனே ஜனங்கள் பழைய ஆல்பத்தைத் தேடிப் பிடித்து, நெட்டில் ஆளாளுக்கு அபிப்பிராயம் எழுத ஆரம்பித்தார்கள்.

இந்த ஆனி மாதக் கடைசியில் வினிதாவின் ஆபீசில் சாப்பாட்டு வேளையில் ஒரு பெண் அந்தப் பழைய ஆல்பத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். மூன்றாவது பாட்டில், பயங்கரமாக ஒரு பொம்பளைக் குரல் வரும், கேள் என்றாளாம். அது வினிதாவின் அம்மா குரல்.

வினிதா பாதி நாளில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் சூர்யாவை வரவழைத்தாள். மாவு கொடுக்கப் போன நான் அங்கே மாட்டிக்கொண்டேன். வினிதாவைக் காலேஜுக்கு அனுப்பச் சொன்ன அந்த ஆடித் திருவிழாவில் போனில் பதிவு செய்ததை, கேட்காமல் கொள்ளாமல் பாட்டில் சேர்த்துவிட்டதாகச் சூர்யா ஒத்துக்கொண்டான். அப்போது அது தப்பு என்று தோன்றவில்லை என்றான். தலை நிமிரவில்லை.

அக்கா கோபப்படவில்லை. கேட்டவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், படி என்று மகளிடம் சொன்னார். வேண்டாம் என்று வினிதா எவ்வளவோ மறுத்தும் விடவில்லை. அவள் போனைப் பார்த்துப் படித்தாள். புது ஆல்பம் வெறும் சர்க்கரைத் தண்ணி, இந்த முதல் ஆல்பம்தான் சரக்கு என்று ஒருவர். தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்வதைக் கேட்க எனக்கு ஹெட்போன் எதற்கு என்று ஒருவர். அக்காவே அதற்குச் சிரித்துவிட்டார். மூன்றாவது பாட்டைக் கேட்டுவிட்டுப் பாத்ரூமுக்குத் துணைக்கு ஆள் கூப்பிட்டேன் என்று ஒரு பையன். அந்தப் பேய்க்குக் குரல் கொடுத்த நடிகை யார், பிரமாதமான நடிப்பு என்று இன்னொருவர்.

பேய் என்று காதில் விழுந்ததும் அக்கா சாமி படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் உடம்பே கூசிப்போனது.

வினிதா கடைசியாக ஒன்றைப் படிக்காமல் தாண்டப் பார்த்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வினிதா குரல் இறங்கிப் படித்தாள்.

"இது பேயும் இல்ல, சாமியும் இல்ல. வீட்ல வாயத் தொறக்க முடியாத ஒரு அம்மா பேசுறாங்க. என் அம்மா ஞாபகம் வந்துச்சு."

அக்கா அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். சாமி வந்த தன் குரலை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். முதலில் உடுக்கை, அதன் மேல் மெஷின் இடி. 'டேய்' என்று ஒரு அதட்டல். பிறகு எல்லாச் சத்தமும் அடங்கி அந்தக் குரல் மட்டும் தனியாக வந்தது. "வினிதா அப்பா, பொண்ண காலேஜுக்கு அனுப்பிடு. அவ என்ன மாதிரி ஆவ வேணாம்." கடைசி வார்த்தைகளைப் பையன்கள் திரும்பத் திரும்ப வரும்படி வைத்திருந்தார்கள். அவ என்ன மாதிரி ஆவ வேணாம். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு இரும்பு இடி.

அக்காவின் முகம் செத்துப்போனது. அம்மன் எதற்கு அண்ணனை 'வினிதா அப்பா' என்று கூப்பிடப் போகிறாள்? அம்மனுக்கு அவர் பேரைச் சொல்ல என்ன கூச்சம்? அன்றைய உடுக்கைச் சத்தத்தில் எங்கள் யாருக்கும் இது உறைக்கவில்லை.

கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணனிடம் அக்கா நேராகப் போனார். நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார்.

"அன்னிக்கு உங்களை 'வினிதா அப்பா'ன்னு கூப்ட்டேனா?"

"ஆமா."

"அப்ப அது சாமி இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சி எதுக்கு என் கால்ல வுழுந்தீங்க?"

அண்ணன் எங்களைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "எங்க அண்ணன் வாய மூட எனக்கு வேற வழி இன்னா கீது? நீ சொன்னா கேப்பாரா, நான் சொன்னாத்தான் கேப்பாரா? சாமி சொன்னா கேட்டுத்தான ஆவணும்."

சூர்யா அந்தப் பாட்டை எடுத்துவிடுகிறேன் பெரிம்மா என்றான். மறுநாளே எடுத்தும் விட்டான். ஆனால் யார் யாரோ நகல் எடுத்துப் போட்டதை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதிலிருந்து அக்கா கோயில் பக்கமே வரவில்லை. கோலம் போடக்கூட வெளிச்சம் வருவதற்கு முன்பே வந்து போய்விடுவார். பூசாரி அப்பாதுரையிடம் நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டுக்கே வந்து, அம்மன் உன் வாயை எடுத்துக்கொண்டவள் உன் மனசையும் எடுத்துக்கொண்டிருப்பாள், வீணாகக் குழப்பிக்கொள்ளாதே என்று நல்லவிதமாகச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அம்மன் வருகிறாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அக்காவுக்கு மட்டும் ஆறவில்லை.

"இது ஒண்ணு நான்னா, மத்ததுல எது எது நான்? எனக்கே தெரியலயே" என்றார் என்னிடம்.

விரதம் இருக்கிறவர்களுக்குத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் கையில் மஞ்சள் துணியால் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர் மேல்தான் அம்மன் வருவாள். அந்த வெள்ளிக்கிழமை அப்பாதுரை அக்கா பெயரைக் கூப்பிட்டார். வற்புறுத்தி நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்கா வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, இந்த வருஷம் எனக்கு வேண்டாங்க என்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு அக்கா என்று நான் காதில் சொன்னேன். அதையும் அவர் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக ஹேமாவதி வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஹேமாவதி தையல் தைப்பவள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்கென்று போனவன், போனவன்தான். அவள் குறி கேட்டபோது, வருவான், வாசலை விட்டுப் போகாதே என்று வாக்கு வந்திருந்தது. கூடுவாஞ்சேரியில் இருக்கும் தம்பி, எங்களோடு வந்து இருந்துவிடு என்று வருந்தி வருந்திக் கூப்பிட்டான். அந்த ஒரு வாக்குக்காக அவள் போகவில்லை. இப்போது தம்பியும் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

ஹேமாவதி கூழுக்கு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அக்கா உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாட்டு, அதைக் கேட்டவர்கள் எழுதியது, 'வினிதா அப்பா' என்று கூப்பிட்டது. உனக்குச் சொன்னதும் நானாக இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை என்றார். அழவில்லை. அழுதால் அதுவும் நடிப்பு என்று ஆகிவிடும் என்று பயந்தவர் போல நின்றார்.

ஹேமாவதி திட்டுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கீரைக்காம்பை ஒவ்வொன்றாகக் கீழே போட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிக்கா. இப்ப சாமி இல்ல, ஒண்ணும் இல்ல. நீயா சொல்லு. அவரு வருவாரா?"

அக்கா பேசுவது எப்போதும் பாதிதான் கேட்கும். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் முழுதாகக் கேட்டது.

"எனக்குத் தெரியாது ஹேமா."

ஹேமாவதி தலையை ஆட்டினாள். இன்னொரு கீரைக்கொத்தை எடுத்தாள். அக்கா தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். அவள் போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.