குமிழி வரும் இடம்

காற்றுப் புகாமல் மூடிய பெட்டி தண்ணீரில் மிதக்கும் என்பது, பொறியியல் படித்துத் தலை வழுக்கையான பிறகும் எனக்குத் தோன்றவில்லை. வெள்ளம் வந்தால் அலறும் கருவி ஒன்றை இரண்டு வருடம் உழைத்துச் செய்திருந்தேன். உள்ளே ஒரு சொட்டு புகுந்தாலும் உழைப்பு காலி. அதை மூழ்கடித்துப் பார்க்க ஆளுயரத் தொட்டி தேடி மணலி, எண்ணூரெல்லாம் அலைந்து, கடைசியில் நான் மறக்க விரும்பிய இடத்துக்கே, ராயபுரத்தில் சித்தப்பாவின் பழைய பட்டறைக்கே வந்து சேர்ந்தேன். தொட்டியில் போட்டதும் கருவி வாத்து மாதிரி மிதந்தது.

துருவும் பாசியும் டீசலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி ஒன்பது வயது.

அப்போது சித்தப்பா மீன்வலைக்குத் தகர மிதவை செய்வார். ஓட்டை இருந்தால் தண்ணீருக்குள் குமிழி விடும். அமுக்குவதற்குக் கல்லைக் கட்டலாம். ஆனால் கல் மிதவையைத் திருப்பித் திருப்பிக் காட்டாது. அதனால் அந்த வேலை எனக்கு. மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் தொட்டிக்குள் இறங்க, அவர் காலால் என் தலையை அமுக்குவார். மூச்சு முட்டிக் கைகால் உதறுவேன்.

"நைனா, குமிழி வருது!" என்று வெல்டர் கத்துவார்.

"எங்கேர்ந்து?"

"புள்ள மூக்குலேர்ந்து."

"அப்ப மிதவ நல்லாகீது" என்று சித்தப்பா இன்னும் கொஞ்சம் அமுக்குவார்.

இன்று எண்பதைத் தாண்டிய சித்தப்பா மிதக்கும் கருவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா பாத்துகினு கீற? எறங்கு."

கருவியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவருடைய கைத்தடி என் வழுக்கையில் ஊன்றியது. மூச்சு முழுக்கக் குமிழியாகப் போன பிறகே எடுத்தார்.

இருமிக்கொண்டே, "எப்படி சித்தப்பா?" என்றேன்.

"பொட்டி நல்லாகீதுடா. எங்க அண்ணன் செஞ்சதுதான் அன்னிலேர்ந்து ஒழுகிகினே கீது."