ஜெனோஜா நடந்த ஆயிரத்து ஐந்நூறு மீற்றர்

எட்டாம் வகுப்பில் ஜெனோஜா வேகநடைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது, வேறு யாரும் கொடுக்காததால்தான். கிரெய்கிபர்னில் அவள் படித்த பள்ளியில் அன்று, பிள்ளைகளை நிறவாரியாக இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி. நூறு மீற்றர் ஓட்டத்துக்கும் நீளம் பாய்தலுக்கும் பிள்ளைகள் அடிபட்டுக்கொண்டு நின்றார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் நடைக்கு மட்டும் அவளுடைய நீல இல்லத்தில் ஒருவரும் இல்லை. கலந்துகொண்டாலே இல்லத்துக்கு ஒரு புள்ளி என்று ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார்கள்.

"பெல் அடிச்சா கன்ரீனுக்கு எப்பிடி நடப்பாய், அப்பிடி நடந்தாக் காணும். போ!" என்று அவளுடைய சிநேகிதி தாட்சாயினி பிடித்துத் தள்ளிவிட்டாள்.

நான்கு பேர் நடந்தார்கள். மூன்று பேர் கதைத்துக்கொண்டே போனார்கள். ஜெனோஜா அரைச் சுற்று முந்தி வந்து முடித்தாள். அவளுக்கு அதுவரை எந்த விளையாட்டிலும் எதுவும் கிடைத்ததில்லை. நீச்சலில் ஒரு முறை கலந்துகொண்டதற்கான சான்றிதழ் கிடைத்திருந்தது. அது எல்லோருக்கும் கிடைத்தது.

விளையாட்டு ஆசிரியைக்கும் வேகநடை பற்றி அதிகம் தெரியாது. போனில் விதிகளைத் தேடி எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினார். இரண்டே விதிகள். எந்த நேரமும் ஒரு கால் நிலத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்னால் வைக்கும் காலின் முழங்கால், நிலத்தில் பட்ட கணத்திலிருந்து உடம்பு அதற்கு மேலே வரும்வரை மடியக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டு வேகமாகப் போக வேண்டுமென்றால் இடுப்பு உருண்டு உருண்டுதான் வர வேண்டும். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வருவது அதனால்தான்.

வீட்டிலும் சிரித்தார்கள். ஜெனோஜாவின் அப்பா பொனிபஸ் மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து வந்தவர். சமர்ட்டனில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அம்மா பேர்ளுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. அண்ணன் டெனிஸ் கிரிக்கெட் ஆடுகிறவன். வரவேற்பறை அலுமாரியில் அவனுடைய கிண்ணங்கள்தான் நிறைந்திருந்தன. சனிக்கிழமைகளில் மடக்குக் கதிரைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு முழுக் குடும்பமும் அவனுடைய ஆட்டத்துக்குப் போகும்.

பள்ளிக்கூடம் அனுப்பிய வீடியோவைப் பொனிபஸ் இரண்டு தரம் பார்த்தார்.

"ஓடுறதெண்டா ஓடோணும், நடக்கிறதெண்டா நடக்கோணும். இதென்ன பிள்ளை, ரெண்டுங்கெட்டான்?"

டெனிஸ் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் யோகராணி அன்ரி குரல்செய்தி அனுப்பினார். "உது ஆற்ற நடை? வாத்து நடக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!" பொனிபஸ் அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்ற ஜெனோஜாவுக்கு எல்லாம் கேட்டது. கையைத் துடைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மல்கம் கிறீக் என்ற ஓடையின் ஓரப் பாதைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். பனிக்காலத்தில் காதைத் தொப்பியால் மூடிக்கொண்டு போனாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வீடியோக்களைப் பார்த்து, கால் வைத்து, பிழை விட்டு, திரும்பப் பார்த்துப் பழகினாள். அவ்வளவு சிரிப்புக்குப் பிறகும் ஏன் விடவில்லை என்று பேர்ள் ஒரு நாள் கேட்டார்.

"இது எனக்கு வருது அம்மா. வேற ஒண்டும் வரேல்லை."

அந்த வருடம் வட்டார மட்டத்தோடு நின்றுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பில் மாவட்டம், பிரிவு, வட்டாரம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி மாநிலப் போட்டிக்குத் தெரிவானாள். அவளுடைய பள்ளியிலிருந்து அந்த வருடம் மாநிலத்துக்குப் போனவர்கள் மூன்று பேர்தான். காலைக் கூட்டத்தில் அதிபர் பெயர்களை வாசித்தார். உயரம் பாய்தலுக்குக் கைதட்டல் விழுந்தது. எண்ணூறு மீற்றருக்குப் பலமான கைதட்டல். வேகநடை என்றதும் பின்வரிசையில் இரண்டு பையன்கள் எழும்பி இடுப்பை ஆட்டிக் காட்டினார்கள்.

ஒக்ரோபரில் அல்பேர்ட் பார்க் மைதானத்தில் போட்டி. பொனிபஸ் லீவு எடுக்கவில்லை. பேர்ள்தான் வேலைநேரத்தை மாற்றிக்கொண்டு, மகளோடு ரயிலிலும் பிறகு ட்ராமிலும் போனார். கடல்பக்கமிருந்து குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. பேர்ள் மேலே படியில் இருந்து தொடக்கத்திலிருந்தே போனில் படம் பிடித்தார்.

மூன்றே முக்கால் சுற்று. பாதையின் ஓரத்தில் நடுவர்கள் ஆங்காங்கே நின்று கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடையில் பிழை கண்ட நடுவர் சிவப்பு அட்டை எழுதிக் கொடுப்பார். மூன்று வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று அட்டை வந்தால் தலைமை நடுவர் சிவப்புத் தட்டைக் காட்டுவார், வெளியேற வேண்டும். யாருக்கு எத்தனை என்பதைப் பெரிய பலகையொன்றில் இலக்கத்துக்கு நேரே குறித்துக்கொண்டு வருவார்கள்.

இரண்டாம் சுற்றில் ஜெனோஜா முன்னுக்கு வந்தாள். கடைசிச் சுற்றில் பத்து மீற்றர் இடைவெளி. பேர்ள் எழும்பி நின்றுவிட்டார். முடிவுக் கோட்டுக்கு இன்னும் நூறு மீற்றர் இருக்கும்போது தலைமை நடுவர் பாதைக்குள் ஓரடி வைத்து, அவள் முகத்துக்கு நேரே சிவப்புத் தட்டைத் தூக்கிப் பிடித்தார். ஜெனோஜா இரண்டு மூன்று அடி அப்படியே நடந்தாள். பிறகு நின்று, புல்லுக்குள் இறங்கினாள். மற்றவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"முதலாவதா வந்தனீதானே? என்னத்துக்குப் பிள்ளை வெளிய எடுத்தவை?" பேர்ளுக்கு விளங்கவில்லை. "போய்க் கதைப்பமா?"

"வேண்டாம் அம்மா. ப்ளீஸ்."

ரயிலில் எஸன்டன் நிலையம் வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். முன்னால் இருந்த கிழவர் ஒருவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய், அவர்களைத் தனியே விட்டார்.

விஷயம் கேட்டதும் பொனிபஸ் கொதித்துப்போனார். "எங்கட பிள்ளையெண்டபடியால்தான் எடுத்திருக்கிறாங்கள். நிறத்தைப் பாத்திருப்பாங்கள். நான் விடமாட்டன், எழுதிக் குடுக்கப்போறன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, பேர்ளின் போனை வாங்கிக்கொண்டு மேசையில் இருந்தார். முறைப்பாட்டுக்கு ஆதாரம் வேண்டும். மற்றப் பிள்ளைகளும் இதே பிழையைத்தானே விட்டிருப்பார்கள், அவர்களை ஏன் விட்டார்கள் என்று காட்டலாம் என நினைத்தார். வீடியோவை விரலால் மெல்ல மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு பிள்ளையின் காலாகப் பார்த்தார். இடையில் தேத்தண்ணி ஆறிப்போனது. டெனிஸ் வந்து கிரிக்கெட் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டான். "நீ போ, நான் வரேல்லை," என்றார். டெனிஸ் ஒரு கணம் நின்று தகப்பனைப் பார்த்துவிட்டுப் போனான்.

நான்கு மணி போல, "பிள்ளை, இஞ்ச வா," என்று கூப்பிட்டார்.

ஜெனோஜா வந்து தள்ளி நின்றாள்.

"இதில முழங்கால் மடியுது."

"எந்தக் கால்?"

"இடது. முதல் ரெண்டு சுத்திலயும் நேராத்தான் கிடக்கு. மூண்டாஞ் சுத்திலயிருந்து மடியத் தொடங்குது. பார், இஞ்ச. இஞ்சயும்."

அவள் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தாள். ஒன்றும் ஒளிக்க முடியாதபடி தெரிந்தது.

"அப்ப அவை எடுத்தது சரி," என்றாள்.

"சரிதான்." பொனிபஸ் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நாலு மணித்தியாலமா உந்தக் கால்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு அடியையும் ஒரு ஆள் நிண்டு பாத்துக்கொண்டே இருக்கு. ஒரு அடி பிழைச்சாலும் போச்சு. இவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. அண்டைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"இட்ஸ் ஓகே, அப்பா."

"ஓகே இல்லை," என்றார் பொனிபஸ்.

முறைப்பாடு எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஜெனோஜா கதவைத் திறந்தபோது அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு நடையில் எதுவும் தெரியாது, சொல்லிக் கொடுக்கவும் அவர் வரவில்லை. "என்ன செய்யோணுமெண்டு நீ சொல்லு, நான் படம் பிடிக்கிறன்," என்றார். முழங்கால் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் போன் நிலத்தோடு இருக்க வேண்டும் என்று ஜெனோஜா சொன்னாள். அதனால் பொனிபஸ் பாதையில் குப்புறப் படுத்துக்கொண்டார். நாயோடு வந்த ஒரு பெண்மணி ஓடி வந்து, நெஞ்சு நோகிறதா, அம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று பதறினார். "நோ, நோ, மை டோட்டர் வாக்கிங்," என்று படுத்தபடியே பொனிபஸ் சொல்ல, அந்தப் பெண்மணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெனோஜா ஐம்பது மீற்றர் தள்ளி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்பில் நடை சரிவரவேயில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது அவள்தான். களைத்துப்போகும்போது வேகத்தை விடக் கூடாதென்று அடியை நீட்டி வைக்கிறாள். நீட்டி வைக்கும்போது இடது முழங்கால் தாங்காமல் மடிகிறது. அடியைக் குறைத்து, கூடுதல் அடி வைக்கப் பழக வேண்டும். சொல்ல இலேசாக இருந்தது. பழக ஒரு வருடம் எடுத்தது.

பத்தாம் வகுப்பில் திரும்பவும் மாநிலம். இந்த முறை பொனிபஸும் வந்தார். முதல் சுற்றிலேயே ஜெனோஜா இரண்டாவதாக இருந்தாள். மூன்றாம் சுற்றுக்குள் பலகையில் அவளுடைய இலக்கத்துக்கு நேரே இரண்டு அட்டைகள் விழுந்துவிட்டன. பேர்ள் செபமாலையை எடுத்துவிட்டார். பொனிபஸ் வேலிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தவில்லை.

பலகையை ஜெனோஜாவும் கண்டாள். அடியைக் குறைத்தாள். ஒரு பிள்ளை தாண்டிப் போனது. கொஞ்சத்தில் இன்னொன்று. அவள் அவர்களைத் துரத்தவில்லை. முழங்காலை நேரே வைத்து வைத்து, நான்காவதாகக் கோட்டைத் தாண்டினாள். முழுத் தூரத்தையும் முடித்துவிட்டாள். அதுவே அவளுக்குப் போதுமாயிருந்தது. குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, முதலாவதாக வந்த ஜீலோங் பிள்ளையை நோக்கித் தலைமை நடுவர் போவதைக் கண்டாள். கையில் சிவப்புத் தட்டு. கடைசி அட்டை கடைசி ஐம்பது மீற்றரில் விழுந்திருக்கிறது.

ஒலிபெருக்கியில் முடிவு சொன்னார்கள். மூன்றாம் இடம் ஜெனோஜா.

பொனிபஸும் பேர்ளும் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், மகளைக் காணவில்லை. அவள் கம்பி ஓரமாக, தரையில் இருந்து அழுதுகொண்டிருந்த அந்த ஜீலோங் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாள். போன வருடம் தனக்கும் இதேதான் நடந்தது, இதே இடத்தில் நூறு மீற்றர் இருக்கும்போது, என்று சொன்னாள். அந்தப் பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு எந்த முழங்கால் என்று கேட்டது. இடது என்றாள் ஜெனோஜா. பதக்கம் கொடுக்க இரண்டு தரம் பெயர் கூப்பிட்ட பிறகுதான் எழும்பிப் போனாள்.

"உம்மட மகளுக்கு வெண்கலம் கிடைச்சதுக்குச் சந்தோசமில்லைப் போல," என்றார் பொனிபஸ்.

"இருக்குமப்பா. அந்தப் பிள்ளைக்கு முன்னால காட்டுவாளே?" என்றார் பேர்ள்.

அதற்குப் பிறகு அவளுடைய கதை ஏறிக்கொண்டே போகவில்லை. பதினோராம் வகுப்பில் முழங்காலுக்குக் கீழே காலின் முன் எலும்பில் வலி வந்து இரண்டு மாதம் நடக்க முடியாமல் போனது. மாநிலத்தில் ஆறாவதாக வந்தாள். பள்ளிச் சஞ்சிகையில் அவள் பெயரைக் கடைசி வரியில், அதுவும் எழுத்துப் பிழையோடு போட்டிருந்தார்கள். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டியில் வேகநடைக்கு ஆள் தேடி ஒலிபெருக்கியில் கத்த வேண்டியிருக்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு இடுப்பு எப்படி உருள வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக் காலத்தில் மாநிலப் போட்டி தேவையா என்று பேர்ள் கேட்டார். "ஏழரை நிமிஷம்தானே அம்மா," என்று ஜெனோஜா சொன்னாள். போனாள். மீண்டும் நான்காமிடம், இந்த முறை யாரையும் வெளியேற்றவில்லை, அதனால் பதக்கமும் இல்லை. ஆனால் நேரம் அவளுடைய நேரங்களிலெல்லாம் சிறந்தது. பலகையில் அவளுடைய இலக்கத்துக்கு நேரே ஒரு குறிகூட இல்லை. மாநிலப் போட்டியில் அப்படி இருந்தது இதுதான் முதல் தரம்.

அடுத்த கிழமை ஆங்கிலப் பரீட்சை. திரும்பி வரும் ரயிலில் பொனிபஸுக்குப் பக்கத்தில் இருந்து, புத்தகத்தை எடுத்து மூனி பொண்ட்ஸ் வரைக்கும் வாசித்தாள். அதற்குப் பிறகு நித்திரையாகிவிட்டாள். புத்தகம் நழுவப் பார்த்தது. பொனிபஸ் அதை எடுத்து, அவள் வாசித்த பக்கத்தில் ரயில் அட்டையை வைத்து மூடினார்.